களியில் எடுத்த அளவு

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேலே நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதிசெய்துகொண்ட பிறகு, பிஸ்டலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார் யமுனா. பிறகு ஆயுத அறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரை ஏற இறங்கப் பார்ப்பார். "இன்னா எண்ணெ போட்ட?" நிற்பவர் சப் இன்ஸ்பெக்டர் என்றால் கடைசியில் ஒரு 'சார்' சேரும். குரலில் மட்டும் எந்த மாற்றமும் இருக்காது.

சித்தூரில் ஆயுதப்படைப் போலீசாரின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் யமுனா. பதவி ஹெட் கான்ஸ்டபிள். பிஸ்டல் எங்கெங்கே சுற்றிவிட்டு வந்திருக்கிறது என்பதை அவருடைய மூக்கு சொல்லிவிடும். திருமலையில் பந்தோபஸ்து பார்த்தவருடைய பிஸ்டலில் நெய் மணக்கும். லட்டு தின்ற கையைத் துடைக்காமல் ஸ்லைடைத் தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். மாங்காய்ப் பருவத்தில் பங்காருபாளையம் மண்டிப் பக்கம் போய்வந்தவருக்குப் பால் பிசின் காட்டிக்கொடுக்கும். தேங்காய் எண்ணெய் போட்டவர் கதை வேறு. அவர் அன்று யமுனாவின் வாயில் விழுந்து எழுந்துதான் போகவேண்டும். "தலைக்கு வெக்கறத துப்பாக்கிக்கு வெச்சிக்கினு வந்து நிக்கிற, துப்பாக்கிக்கு வெக்கறத தலைக்கு வெச்சிக்கோ போ."

ஆயுத பூஜை வந்தால் அவருக்கு வேலை கூடிவிடும். இன்ஸ்பெக்டர் வெங்கடரமணன் பக்திமான். குங்குமக் கிண்ணத்தோடு ஒவ்வொரு ஆயுதத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வருவார். குங்குமம் உள்ளே இறங்கினால் வழித்து எடுப்பது யார்? அதற்காக ஒவ்வொரு பிஸ்டலின் மேலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி வைத்துவிடுவார் யமுனா. "இதுமேல வைங்க சார், சாமி ஏத்துக்கும்" என்று பவ்வியமாகக் காட்டுவார். இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே அதன்மேல்தான் வைப்பார்.

சொந்த ஊர் குடுபல்லிப் பக்கம். அம்மாவும் நைனாவும் அடுத்தவர் நிலத்தில் தக்காளி பறித்து வளர்த்த பெண். ஆர்மரர் பயிற்சியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் பெரிதாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கக்கூடாது. காலை ஓட்டம் பிடிக்கவில்லை, உட்கார்ந்து செய்கிற வேலை எது என்று பார்த்தேன் என்பார். அடக்கம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். தன் கைபட்ட பிஸ்டல் நின்றுபோனதாக இந்த ஜில்லாவில் எவனாவது சொல்லட்டும் பார்ப்போம் என்பார் அடுத்த மூச்சிலேயே.

சொன்னான் ஒருவன். பெயர் ஹரிபாபு. செம்மரக் கடத்தலைத் தடுக்கும் காட்டுப் பிரிவில் கான்ஸ்டபிள். ஜீப் கதவில் சிக்கி வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் பாதியோடு போய்விட்டன. விடுப்பு முடிந்து வந்து சுட்டால், இரண்டு தோட்டாவுக்கு ஒருமுறை ஸ்லைடு பாதியில் சிக்கி பிஸ்டல் ஜாம் ஆனது. மாதக் கடைசியில் சுடும் தேர்வு. அதில் தவறினால் காட்டை விட்டு வயர்லெஸ் அறை நாற்காலிக்கு அனுப்பிவிடுவார்கள். பிஸ்டல் சரியில்லை என்று பத்துப் பேர் எதிரில் சொல்லிவிட்டான்.

யமுனாவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பிரித்தார், துடைத்தார், ஸ்பிரிங்கை மாற்றினார். தானே சுட்டார். தடங்கலே இல்லை. அவன் சுட்டான். நின்றது. எண்ணெய்தான் காரணம் என்று அவனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். அவன் ஏழுமலையான்மேல் சத்தியம் செய்தான். மறுபடி பிரித்தார். இப்படியே இரண்டு வாரம் வீணாகப் போயிற்று. பிழை பிஸ்டலில் இல்லை என்று நிரூபிப்பதிலேயே குறியாக இருந்தவருக்கு, பின்னே எதில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஒருநாள் பிஸ்டலை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தார். சுடும்போது பிஸ்டலின் அடிப்பாகத்தை இறுக்கிப் பிடிக்க அங்கே முழு விரல் இல்லை. ஸ்லைடு பின்னால் போகும்போது பிஸ்டலும் கூடவே துள்ளியது. கை ஊன்றிப் பிடித்தால்தான் ஸ்லைடு முழுதாகப் போய்த் திரும்பும். அதுவரை வாய் ஓயாமல் திட்டியவர் அவன் அரைவிரல்களைத் தொட்டுப் பார்த்தார்.

"தப்பு அதுமேலயும் இல்ல, ஒன்மேலயும் இல்ல ஹரி," என்றார். "எடம் காலியா கீது. ரொப்பிடலாம்."

மறுநாள் வீட்டிலிருந்து டப்பாவில் கேழ்வரகுக் களி, அந்தப் பக்கத்துப் பேச்சில் சங்கடி, வந்தது. பிடியின் இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றி, பிஸ்டலை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, தகடு இருந்த இடத்தில் களியை அப்பினார். ஒரு சொட்டு நெய்க்கு ஊரைக் கூட்டுகிற யமுனா பிஸ்டலுக்குச் சங்கடி ஊட்டுகிறார் என்று வளாகமே வந்து வேடிக்கை பார்த்தது. சுடுவதற்குப் பிடிப்பதுபோல் பிடி என்றார். ஹரிபாபு பிடித்தான். அரைவிரல்கள் இரண்டும் களியில் தங்களுக்கு வேண்டிய இடத்தைத் தாங்களே தோண்டிக்கொண்டன.

அது காய்ந்ததும், கறிக்கடையில் கழித்துப்போட்ட புளியங்கட்டையில் துண்டு வாங்கி, களி காட்டிய பள்ளமும் மேடும் மாறாமல் புதிய தகடுகளை அரத்தால் ராவி எடுத்தார். அரைவிரல்களுக்குக் கீழே ஒரு மேடு. உள்ளங்கைப் பக்கம் ஒரு முட்டு. திருகைக் கழற்றினால் பழைய தகட்டையே போட்டுக்கொள்ளலாம், இரும்பில் கையே வைக்கவில்லை என்று வெங்கடரமணனிடம் பேசி அனுமதியும் வாங்கிவிட்டார்.

தேர்வு நாள். பழுது பார்த்தவரே முதல் தோட்டாவைச் சுடவேண்டும் என்பது அங்கே வழக்கம். யமுனா போய் நின்றார். புளியங்கட்டை மேடு அவருடைய முழு விரல்களைத் தள்ளியது. முட்டு உள்ளங்கையில் குத்தியது. சுட்டார். தோட்டா குறிவைக்கும் பலகையிலேயே படவில்லை, பின்னால் இருந்த மண்மேட்டில் புழுதி எழுந்தது. யமுனாவுக்குக் குறி தப்பி யாரும் பார்த்ததில்லை. நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஹரிபாபுவின் முகம் வெளுத்துவிட்டது. யமுனாவோ பூரித்துப்போய்த் திரும்பி வந்தார்.

"எனக்குச் சேரவே இல்ல," என்று பிஸ்டலை அவன் கையில் வைத்தார். "ஒனக்குதான் சேரும். போ, சுடு."

அவன் சுட்டான். முதல் தோட்டா. இரண்டாவது. எல்லோரும் எதிர்பார்த்தபடி மூன்றாவதில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஸ்லைடு போய்த் திரும்பியது, மறுபடி போய்த் திரும்பியது. காலி உறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வலதுபக்கம் தெறித்தன. மேகசின் காலியாகி ஸ்லைடு பின்னால் போய்த் தானே நின்றபோது, தொலைவில் பலகையின் நடுவில் ஒரு கைக்குட்டையால் மூடிவிடலாம் போல ஓட்டைகள். தேறினான் என்று வெங்கடரமணன் உரக்கச் சொன்னார். எத்தனை பட்டது என்று எண்ணக் கான்ஸ்டபிள்கள் பலகைப் பக்கம் ஓடினார்கள்.

யமுனா பலகைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக ஹரிபாபுவிடம் போய் அவன் வலது கையை விரித்து, கட்டை எங்காவது அழுத்திச் சிவந்திருக்கிறதா என்று உள்ளங்கையைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கேயும் சிவப்பு இல்லை. உடனே அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து, இரண்டு விரல் அரையாய்ப்போன அந்தக் கையை, மைதானம் முழுக்கப் பார்க்கும்படி அவன் தலைக்கு மேல் தூக்கினார்.