நவம்பர் மாதக் கையெழுத்து

கூலிம் பட்டணத்து மருந்துக்கடை ஒன்றில் என் பெயர் சுவரில் தொங்கியது. கண்ணாடிச் சட்டம் போட்டு, அரசாங்க முத்திரையோடு. அதற்கு நேர் கீழே நான் நின்றேன். பதினொரு வருடம் நின்றேன். பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் குதிகால் வலி வந்தது.

அந்தத் தாளை நாங்கள் பாய்சன் லைசென்ஸ் என்போம். பட்டம் படித்த மருந்தாளர் ஒருவரின் பெயரில்தான் அது கிடைக்கும். அது இல்லாவிட்டால் கடையின் பின்பக்க அலமாரியைத் திறக்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு மாத்திரை, நீரிழிவு மாத்திரை, கொஞ்சம் வீரியமான இருமல் மருந்து எல்லாம் அதற்குள்தான். சாவி என் வெள்ளை அங்கியின் பையில் இருக்கும். நான் சோறு சாப்பிடப் போனால் அலமாரியும் பூட்டிக் கிடக்கும். கடை முதலாளி ஒரு சீனர். ஊரில் எல்லாரும் முதலாளிகளைக் கூப்பிடுவதுபோல் நானும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அதேபோல, தானாக முன்வந்து சம்பளத்தையும் உயர்த்தியதில்லை.

நான் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். கோயில் ஃபாதர் சொல்லி வாங்கித் தந்த உதவிப்பணத்தில் பினாங்கில் படித்து, எழுபதுகளின் கடைசியில் மருந்தாளராக வெளியே வந்தேன். கொஞ்ச காலம் அரசாங்க மருத்துவமனையில் இருந்தேன். தூரத்துக் கிழக்குக் கரையில் இருக்கும் திரங்கானுவுக்கு மாற்றல் வந்தபோது அம்மா படுக்கையில் கிடந்தாள். எப்படிப் போவது? வேலையை விட்டேன். அம்மா அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தாள். அப்புறம் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் அப்பாவும் நானும்தான்.

தவுக்கே அரசாங்கம் கொடுத்ததைவிட மாதம் இருநூறு ரிங்கிட், எங்கள் பேச்சில் இருநூறு வெள்ளி, அதிகம் கொடுத்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

என்னோடு படித்தவள் ஒருத்தி அரசாங்கத்திலேயே தங்கிவிட்டாள், அலோர் ஸ்டாரில். மாதம் ஒரு தடவை கூலிமில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்க வருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் கடைத்தெருவில் தோசை சாப்பிடுவோம். அவளுக்கு வருடத்துக்கு ஒரு படி சம்பளம் ஏறும். கேட்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். “நான் தூங்கிட்டு இருந்தாலும் ஏறிடுது லா” என்று சிரிப்பாள். நாலாவது வருடம் என்னை எட்டிப் பிடித்தாள். ஆறாவது வருடம் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் தோசைக் காசை முந்திக்கொண்டு கொடுப்பதை விட்டுவிட்டேன்.

எனக்குச் சம்பளம் ஏற ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த லைசென்ஸ் டிசம்பர் கடைசியோடு முடிந்துவிடும். அடுத்த வருடத்துக்கான விண்ணப்பப் பாரத்தில் நவம்பரிலேயே நான் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஜனவரியில் அலமாரியைத் திறக்க முடியாது. ஆக, வருடத்தில் பதினொரு மாதம் நான் தவுக்கேக்குக் கைகட்டி நிற்கிறவள். நவம்பரில் ஒரே ஒரு நாள், அவர் பாரத்தை வைத்துக்கொண்டு எனக்காக நிற்பார். கடைகளில் வேலை பார்க்கும் எல்லா மருந்தாளர்களும் அந்த நாளில்தான் சம்பளம் பேசுவார்கள். தோழி தலையில் அடித்துக்கொண்டு சொல்வாள்: “பேனாவ கையில எடுக்காம பேசு. மொதல்ல நம்பரு, அப்புறம் சைன். அவ்ளோதான் விஷயம்!”

அவ்வளவுதான் விஷயம். அதுதான் எனக்கு வரவில்லை.

தோட்டத்தில் சம்பள நாளன்று கணக்கு எழுதும் கிராணி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்குத் தமிழில் பெயர் எழுதத் தெரியும். ஆனாலும் கட்டைவிரலைத்தான் மையில் அழுத்திப் பேரேட்டில் வைப்பார். விரல் வைத்த பிறகுதான் உறையைக் கையில் கொடுப்பார்கள். எவ்வளவு, ஏன் குறைந்தது என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம், அதுவும் தலையைச் சொறிந்துகொண்டு. விரல் வைக்கும் முன்னே கேட்பவனுக்கு வாய்க்காரன் என்று பெயர். வாய்க்காரனுக்கு மறுநாள் விடியற்காலை வேலை பிரிக்கும் பெரட்டில், ஏறி இறங்கி முதுகொடியும் மேட்டுக்காடு கிடைக்கும். நான் பட்டம் வாங்கினேன், பாக்டீரியாவின் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்வேன். ஆனால் தவுக்கே மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினால், என் கை தானாகப் போய்விடும். கையெழுத்துப் போட்டுவிட்டு, “தவுக்கே, சம்பளம்…” என்று இழுப்பேன். அவர் பாரத்தை மடித்துக்கொண்டே, “நந்தி லா, மிஸ்” என்பார். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். சீனப்பெருநாளுக்குப் பணம் வைத்த ஒரு சிவப்பு உறை, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முப்பதோ நாற்பதோ வெள்ளி ஏற்றம். என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கும்.

எண்பதுகளில் ஒரு வருடம், அப்பாவுக்கு ஐம்பத்தைந்து நெருங்கியது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கூலிமில் புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றைப் போய்ப் பார்த்தேன். மூன்று அறை, கல் சுவர், முன்னால் அப்பா இரண்டு வாழைக்கன்று வைக்கிற அளவு இடம். வங்கிக்காரர் என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாதாம். இன்னும் நூற்றைம்பது வெள்ளி கூட்டி முதலாளியிடம் கடிதம் வாங்கி வந்தால் கடன் நிச்சயம், வருடக் கடைசிவரை வீட்டை விற்காமல் வைத்திருக்கக் கட்டுகிறவர்களிடம் சொல்கிறேன் என்றார்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சாவியைக் கையில் கொடுத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசைதான் கெடுத்தது.

அக்டோபர் முழுக்கத் தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். பேனாவைத் தொடாதே. நூற்றைம்பது என்று சொல். அப்புறம் வாயை மூடிக்கொள்.

நவம்பரில் அந்த நாள் வந்தது. பிற்பகல். அன்றைக்கென்று பார்த்து அப்பாவும் வந்திருந்தார். மரம் சீவி முடித்துக் குளித்துவிட்டு, மாதத்துக்கு ஒரு தடவை ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கப் பஸ் ஏறி வருவார். எடை மெஷின் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் அவர் ஒரு நாளும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

தவுக்கே பாரத்தோடு வந்தார். பேனாவை நீட்டினார். நான் கைகளை அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டேன். உள்ளே சாவி குத்தியது.

“தவுக்கே, சைன் பண்றதுக்கு முன்னாடி காஜி பத்திப் பேசணும்” என்றேன், மலாயில். குரல் நடுங்கவில்லை. இன்றுவரை அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமே இல்லை. பேனாவை மேசைமேல் வைத்தார். “சரி மிஸ். எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டார். இத்தனை வருடமும் அவர் காத்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அப்பா எழுந்து வந்துவிட்டார். காஜி என்றால் சம்பளம்; அந்த மலாய்ச் சொல் புரியாத தோட்டத்து ஆள் உண்டா?

“என்னாம்மா இது? மொதலாளி நின்னுக்கிட்டு இருக்காரு, நீ கைய உள்ள விட்டுக்கிட்டுப் பேசுற. மொதல்ல கையெழுத்தப் போடு தாயி.”

“அப்பா, நீங்க சும்மா இருங்க.”

“வேலைய தொலைச்சிராத. ஒங்கம்மாவும் நானும் எப்புடி படிக்க வச்சோம்?” அப்பா பேனாவை எடுத்து, துண்டில் துடைத்து, என் பக்கம் நீட்டினார். தவுக்கேயைப் பார்த்து உடைந்த மலாயில், சின்னப் பிள்ளை, மன்னிச்சிடுங்க என்றார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

நான் கையெழுத்துப் போட்டேன்.

தவுக்கே சிரித்தார். நல்ல அப்பா என்றார். அன்றைக்கு அப்பாவிடம் மாத்திரைக்குக் காசு வாங்கவில்லை. ஜனவரியில் ஐம்பது வெள்ளி கூட்டினார். அப்பாவுக்குப் பரம சந்தோஷம், “பாத்தியா, மரியாதையா இருந்தா தன்னால குடுக்கறாங்க” என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த வீட்டை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கினார். அவருக்கும் வருடா வருடம் தானாக ஏறுகிற சம்பளம்.

அப்பா ஓய்வு பெற்றதும் பாசா என்கிற சந்தைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் வாடகைக்குப் போனோம். தகரக் கூரை. மழை பெய்தால் மூன்று இடத்தில் வாளி வைக்க வேண்டும். நான் அதே கடைக்கு நடந்தே போய் வந்தேன்.

ஒரு மழை நாளில் வாளியை நகர்த்திவிட்டு அப்பா கேட்டார்: “இவ்ளோ படிச்ச. இத்தன வருசமா வேலை. நாமளும் ஒரு வீடு வாங்கியிருக்கலாமேம்மா?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். சொல்லிவிடலாமா என்று நெஞ்சுவரை வந்தது. ஐம்பத்தேழு வயது ஆளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

“சம்பளம் பத்தலப்பா. இந்த நவம்பர்ல கேக்கறேன்.”

அப்பா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: “கேளு, தப்பே இல்ல. ஆனா பேனாவ நீட்டுனாருன்னா மொதல்ல கையெழுத்த வச்சிடு. அப்புறமா பக்குவமா கேளு. நல்ல மனுசன், குடுப்பாரு.”

சரிப்பா என்று சொல்லிவிட்டு, நிறைந்திருந்த வாளியை எடுத்துப் போய்ப் பின்வாசலில் கொட்டினேன்.