அடுப்புக்கு மேலே தொங்கிய பொட்டலம்

ஜவ்வாது மலையில் இயற்கைக் கதிர்வீச்சு குறைவு என்று ஒரு வரைபடம் சொல்கிறது. புதூர்நாட்டுப் பக்கத்துக் குக்கிராமம் ஒன்று அதில் வெளிர்பச்சையாக, பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும். அது தப்பு. எப்படித் தப்பானது, யார் வீட்டு அடுப்புக்கு மேலே தப்பானது என்பதுவரை எனக்குத் தெரியும். வரைபடத்தின் அடியில் இருக்கிற பெயர்களில் என் பெயரும் ஒன்று.

நான் சந்தவாசல்காரி. அணுப் பொறியியலில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் ஊரில் யாருக்கும் பிடிபடாது. "பாம் செய்யற பொண்ண எவன் கட்டிக்குவான்?" என்று பெரியம்மா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்டுச் சிரிப்பாள். பஸ்ஸில் என் கருவிப் பெட்டியைப் பார்க்கிறவர்கள், "காவலூர் டெலஸ்கோப் ஆபீஸுங்களா?" என்பார்கள். குண்டும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அணுப் பொருளை எவனாவது திருடி வண்டியில் கடத்தினால், சாலையோரக் கருவி அலற வேண்டும். ஆனால் வெறும் கல்லிலும் மண்ணிலும்கூடக் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. அதற்கெல்லாம் அலறினால் அது கருவி இல்லை, தலைவலி. எந்த ஊரில் இயற்கையாக எவ்வளவு இருக்கிறது என்று முதலில் அளந்து வைக்க வேண்டும். அதை அளப்பதுதான் என் வேலை. மலைக்குக் கீழே பிறந்தவள் என்பதால் என் கைடு, அதாவது ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர், என்னை அங்கே அனுப்பினார்.

அளக்கும் முறை எளிது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு படிகச் சில்லு. அதைக் கறுப்பு உறையில் பொட்டலமாக ஒட்டி, வீட்டுச் சுவரில் மாதக்கணக்கில் தொங்கவிட வேண்டும். சுற்றி இருக்கிற கதிர்வீச்சை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வகத்தில் சூடாக்கினால், சேர்த்ததை எல்லாம் வெளிச்சமாகக் கக்கிவிடும். அந்த வெளிச்சத்தை அளந்தால் கணக்கு கிடைத்துவிடும். சில்லுக்குச் சூடு பட வேண்டிய இடம் ஆய்வகம் மட்டும்தான்.

அந்தக் குக்கிராமத்துக்கு என்னை ஏற்றிப்போனவர் அந்த ஊர்க்காரரே, ஜீப் ஓட்டுகிறவர். நான் அவரை அண்ணா என்பேன். பேனா பிடிக்கிற பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர். முதல் பொட்டலத்தை அவர் வீட்டில்தான் தொங்கவிட்டேன். கைடு எழுதிக்கொடுத்த விதிகளை அப்படியே ஒப்பித்தேன்: தண்ணீர் படக் கூடாது, வெயில் படக் கூடாது, பிரிக்கக் கூடாது. அவர் மனைவிக்குத் தலையில் ஒன்றும் ஏறவில்லை. அதனால், "இது போச்சுன்னா என் படிப்பே போச்சுக்கா" என்றேன். அது நன்றாகவே ஏறியது.

பல மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது, எல்லா வீட்டிலும் நான் மாட்டிய ஆணியிலேயே பொட்டலம் தொங்கியது. தூசுகூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் இறங்கி வரும்போது பையிலிருந்து புகை வாசம் வந்தது. ஒரு பொட்டலத்தை எடுத்து மூக்கருகே வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். எல்லாவற்றிலும் அதே விறகுப் புகை.

"அண்ணா, இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

"வூட்லதான் டீச்சர். மொதல்ல ஒண்ண ஆடு வாய் வெச்சிருச்சு. எங்க வூட்டுக்காரி பயந்துட்டா. டீச்சர் படிப்பு போய்டுமேன்னு எடுத்து வெதச் சுரக்குடுக்க பக்கத்துல கட்டிட்டா. அப்புறம் ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டா."

"விதைக் குடுக்கை எங்க இருக்கும்?"

"அடுப்புக்கு மேலதான். வேற எங்க வெப்பாங்க?" இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் தொடச்சி, பழைய ஆணியிலயே மாட்டிட்டோம். வெச்ச எடத்துல இருக்கணும்ல?"

அடுத்த வருஷத்துச் சாமை விதையைச் சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். புகையில் பூச்சி வராது, எலி வராது. அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. தங்களிடம் இருப்பதிலேயே உசத்தியான இடத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள். சில்லுகளோ மாதக்கணக்காக அனல் வாங்கி, சேர்த்ததை எல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தன. அவரிடம் நான் என்ன சொல்ல? நல்லா வெச்சிருந்தீங்கண்ணா என்றேன்.

ஆய்வகத்தில் எதிர்பார்த்தபடியே எல்லாம் அடிமட்டத்தில் வந்தன. அதே ஊர்ப் பாறைமேல் கைக்கருவியை வைத்து நான் எடுத்திருந்த அளவோ எங்கேயோ உயரத்தில் இருந்தது. இரண்டையும் கைடு மேசையில் பரப்பி, அடுப்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை கேட்ட சிரிப்பு.

"எல்லா வீட்லயும் ஒரே மாதிரி வருதும்மா. எவ்வளவு சுத்தமான டேட்டா!"

"எல்லாரும் ஒரே மாதிரி அடுப்புக்கு மேல வெச்சா ஒரே மாதிரிதான் வரும் சார். இந்த ஊரை எடுத்துடலாம்."

"எடுத்தா வரைபடத்துல ஓட்டை விழும். அறிக்கை இந்த மாசம் போகணும். இவ்வளவு பிழை இருக்கலாம்னு போடற அளவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாம்."

"அப்போ என் பேரை எடுத்துடுங்க சார்."

"பேர் சேர்க்கச் சொல்லித்தான் எல்லாரும் அழுவாங்க" என்று மறுபடி சிரித்தார். அறிக்கை போனது, என் பெயரோடு. என் ஆய்வேட்டில் அந்த ஊரை நீக்கியே எழுதினேன். அது இன்றுவரை அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. வரைபடம் அழகாக அச்சானது.

அதை வைத்து மலையடிவாரச் சோதனைச் சாவடியில் ஒரு கருவியைச் சோதனைக்கு நிறுத்தினார்கள். மலையிலிருந்து இந்த அளவுக்கு மேல் வந்தால் அது இயற்கை இல்லை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எந்த அளவு? அடுப்பில் வெந்த அளவு.

அடிவாரத்தில் மகளுக்கு வீடு கட்டக் கடைக்காலுக்குக் கல் ஏற்றிக்கொண்டு ஜீப்கார அண்ணன் இறங்கி வந்திருக்கிறார். அவர் ஊர்ப் பாறையிலேயே உடைத்த கல். கருவி அலறியது.

எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் கல்லை எல்லாம் ரோட்டில் இறக்கிப் போட்டிருந்தார்கள். ஜீப் சீட்டைக் கிழித்திருந்தார்கள். அவரைச் சட்டையில்லாமல் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எதை ஒளிச்சு வெச்சிருக்க, சொல்லு. யாருக்குக் கொண்டுபோற?" என்று ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார்.

"கல்லுங்க. சாமி சத்தியமா கல்லுங்க."

என் கைக்கருவியை ஒவ்வொரு கல்லிலும் வைத்துக் காட்டினேன். இது இயற்கை, அந்த மலையே இப்படித்தான் என்றேன். அதிகாரி என் எதிரே வரைபடத்தை விரித்தார். "உங்க அறிக்கை அப்படிச் சொல்லலையே மேடம். இதுல உங்க பேர்தானே?" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவரை விட்டார்கள். ஜீப்பை விடவில்லை. அந்த ஊரின் இயல்பே இவ்வளவு என்று திருத்திய அறிக்கை வந்தால் விடுவார்களாம். கைடோ, அதே வீடுகளில் அதே முறையில் மறுபடி அளந்து காட்டினால் திருத்துகிறேன் என்றார். சொல்லிவிட்டு ஒரு கருத்தரங்குக்குப் போனார். 'களச்சோதனையில் முதல் எச்சரிக்கை வெற்றிகரமாகப் பதிவானது' என்று திரையில் போட்டுக் காட்டினாராம். நிறையக் கைதட்டல் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். அந்த வெற்றிக்கு மலையடிவாரத்தில் ஒரு மனுஷன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

புதுப் பொட்டலங்களோடு பஸ் பிடித்து மலையேறினேன். பஸ் போகாத தூரத்தை நடந்தேன். அண்ணன் வீட்டில் அவர் மனைவி மட்டும் வாசலுக்கு வந்தாள். உள்ளே அவர் இருமுவது கேட்டது, வெளியே வரவில்லை. எப்போதும் வாம்மா என்று கையைப் பிடிக்கிறவள், நிலைப்படியில் குறுக்கே நின்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். இதை மறுபடி தொங்கவிட்டால்தான் ஜீப் வரும் என்றேன். இந்த முறை அடுப்புப் பக்கம் வேண்டாம், சூடு ஆகாது என்று அப்போதுதான் முதல்முதலாகச் சொன்னேன்.

"அப்போ நான் வெச்சதாலதான் அவர அடிச்சாங்களா?"

"இல்லக்கா. உங்க மேல தப்பே இல்ல."

"உன் படிப்பு போய்டும்னு சொன்ன. அதான் எங்க வெதயோட வெச்சேன். பெத்த புள்ள மாதிரி பாத்துக்கினேன்." நான் நீட்டிய பொட்டலத்தை என் பக்கமே தள்ளினாள். "வேணாம்மா. இந்த வாட்டி எங்க வெச்சா இன்னா சொல்லுவாங்களோ. நீ எடுத்துக்கினு போய்ட்டு வா."

மற்ற வீடுகளில் கதவே திறக்கவில்லை. பொட்டலங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன். கடைசி பஸ் போய்விட்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் என்னைக் கீழே கொண்டுபோய் விடுகிற ஜீப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. நடந்தே இறங்கினேன்.