முகம் தெரிகிற ஒரு படம்

ரெஜி அண்ணா போய்விட்டார். நேற்று விடியற்காலை, கொட்டாஞ்சேனையில், வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குறூப்பைத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு... துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மஞ்சள் ஜேர்சி. எப்போதும் முதல் ஆள்.

செய்தி கேட்டுக் கொஞ்ச நேரத்திலேயே அவருடைய மகள் ஷெரின் எனக்குக் கோல் எடுத்தாள்.

"அக்கா, மரண அறிவித்தல் பெனருக்கு அப்பாட நல்ல படம் ஒண்டு வேணும். வீட்டில இருக்கிறதெல்லாம் கோட் போட்ட கல்யாண வீட்டுப் படம்... ஒண்டிலயும் சிரிக்கவே இல்ல. சைக்கிள் ஓடுற படம் உங்களிட்டத்தானே இருக்கும். பின்னேரத்துக்குள்ள பிரிண்ட் பண்ணக் குடுக்கணும்."

ஓம், அனுப்புறன் என்று சொல்லிவிட்டேன். அதில் என்ன கஷ்டம்... நாலு வருசப் படம் போனில் கிடக்கிறதே.

தேடினால் எல்லாம் முதுகு.

கடுவெலயில் ஆற்றோரம் முதுகு. ஹங்வெல்ல தாண்டி இரண்டு பக்கமும் வயல், நடுவில் முதுகு. பாதுக்கப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோட்டு ஏறி இறங்கி வளைந்து போகிறது, அந்த வளைவில் மஞ்சளாய் ஒரு முதுகு.

எல்லாம் நான் இங்கே போட்டு லைக் வாங்கின படங்கள்தான். "வாவ், இது எந்த இடம்?" என்று நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வட்ஸ்அப் குறூப்பில் கேட்டேன். எல்லாரும் தேடினார்கள். எல்லாரிடமும் அதே முதுகு.

காரணம் இருக்கிறது. முன்னால் ஓடுகிற ஆளுக்குத்தான் எதிர்க்காற்று முழுக்க. அதனால் ஆள் மாறி ஆள் முன்னால் போவதுதான் வழக்கம். இவர் விடமாட்டார்.

"காத்த நான் பார்க்கிறன். நீங்க பின்னால ஒட்டிக்கொண்டு வாங்கோ."

தேத்தண்ணிக் கடையில் நிற்கும்போதாவது எடுத்திருக்கலாம். அங்கேயும் அவர்தான் கமராக்காரர். "நங்கி, ஒக்கொமட்ட பிளேன்ரீ" என்று கடைக்காரப் பிள்ளையிடம் சிங்களத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி சொல்லிவிட்டு, எங்களை வரிசையாய் நிறுத்திப் படம் எடுப்பார். எங்கள் கையில் போனைத் தந்தால் தலையை வெட்டிவிடுவோமாம்.

நான் சைக்கிள் வாங்கியது பெற்றோல் வரிசை நாட்களில். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி ஒபிசுக்குப் போக வேறு வழி இருக்கவில்லை. பெற்றோல் வந்த பிறகும் அதை விட மனம் வராமல் இந்தக் குறூப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் ஒருகொடவத்தையில், கொண்டெய்னர் லொறிகளுக்குப் பக்கத்தில் சந்திப்பு. "தங்கச்சி, எனக்குப் பின்னால வாங்கோ. கையை மட்டும் பாருங்கோ. கை காட்டுற பக்கம் குழி." அவ்வளவுதான் அவர் எனக்குத் தந்த பயிற்சி.

கையையே பார்த்துக்கொண்டு போனேன். கடுவெலக்குக் கிட்ட ஒரு வளைவில் அவருடைய வலது கை திடீரென்று மேலே போய், கீழே வந்து, இடமும் வலமும் ஆடியது. ரோட்டு முழுக்கக் குழி என்று நினைத்து நான் பிரேக்கைப் பிடிக்க, பின்னால் வந்தவர் என்னில் மோத, இரண்டு பேரும் புல்லுக்குள்.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். "ஐயோ தங்கச்சி, அது குழி இல்ல. மாதா சொரூபம். நான் சிலுவை போட்டனான்."

பின்னாலிருந்து பார்த்தால் முழங்கைதானே தெரியும்... வெள்ளவத்தைச் சைவப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படி விளங்கும்?

சனிக்கிழமை பின்னேரப் பூசையைக் கண்டுவிட்டுத்தான் ஞாயிறு எங்களோடு வருவார். அதோடு விடுகிற ஆளும் இல்லை. வழியில் ஒரு சொரூபத்தையும் தவறவிடமாட்டார். அதற்குப் பிறகு குறூப்பில் புதிதாய்ச் சேருகிற ஆட்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவோம்.

பொய்யும் சொல்வார். "இதுதான் கடைசி ஏத்தம்." பாதுக்கயிலிருந்து இங்கிரிய போகிற ரோட்டில் அந்தக் கடைசி ஏத்தம் எத்தனை தடவை வந்தது என்று கேட்காதீர்கள். ஒருமுறை கோபத்தில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

"ஏன் அண்ணா பொய் சொல்லுறீங்க?"

"உண்மையச் சொன்னா நீங்க ஹங்வெல்லயிலேயே திரும்பியிருப்பீங்க."

அதுவும் சரிதான். திரும்பியிருப்பேன்.

முகம் தெரிகிற படம் கடைசியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாய் நிறைய பணிஸ். அதை மரண அறிவித்தலில் போட முடியுமா...

பின்னேரம் அந்த முதுகுகளோடுதான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். லேன் முழுக்க வெள்ளைக் கொடி. ஷெரின் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அக்கா, இதெல்லாம் முதுகு... இதை எப்பிடிப் போடுறது? ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

எனக்கு அழுகைதான் வந்தது.

கதிரையில் இருந்த லில்லி அக்கா, அவருடைய மனைவி, போனைக் கேட்டு வாங்கினா. பாதுக்கப் படம் வந்ததும் நிறுத்தினா.

"ஞாயிறு விடிய நான் கேற்றடியில நிண்டு பார்க்கிறது இதைத்தான். லேன் முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நிப்பன். மனுசன் ஒருநாளும் திரும்பிக் கை காட்டினதில்ல... நான் நிக்கிறது அவருக்குத் தெரியாதெண்டு நினைக்கிறன்."

பிறகு ஷெரினிடம் சொன்னா. "இதையே போடு மகள்."

போட்டாயிற்று. லேன் வாசலில் பெனர் கட்டியிருக்கிறது. ரப்பர் மரங்கள், ரோட்டு, மஞ்சள் முதுகு, கீழே பெயர். போகிற வருகிற ஆட்கள் நின்று பார்க்கிறார்கள்.

நாளை பின்னேரம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். குறூப் ஆட்கள் சைக்கிளில்தான் வருகிறோம். சேர விரும்புகிறவர்கள் நேரே வீட்டுக்கு வாருங்கள்.

போய் வாங்கோ, ரெஜி அண்ணா. ஒருக்காவாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்... லில்லி அக்கா நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறா.