அண்ணி முறைக்கவில்லை

தெருவில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். வீட்டு முன்னறையில் இருக்கும் தையல்கடையில் நாத்தனார் நாள் முழுக்க "அண்ணி, ஊசி", "அண்ணி, கத்திரி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, துணி கொண்டுவருகிறவர்களின் வாயிலும் அதே ஒட்டிக்கொண்டது. பல் போன பெரியவர்கூட "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் வாசலில் நிற்பார்.

கொஞ்ச காலமாக அந்தக் கேள்வி மாறியிருந்தது. "சின்னவங்க இல்லையா?" என்று நாத்தனாரைத் தேடுகிறார்கள். "நான் இருக்கேன்ல, சொல்லுங்க" என்று அண்ணி எழுந்தால், "பரவாயில்லை, அப்புறம் வரேன்" என்று துணிப்பையை இடுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வரம்பு மீறிச் சுரந்ததில் முதலில் உடம்பு இளைத்தது, கை நடுங்கியது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. மாத்திரையில் அதெல்லாம் ஒரு வழிக்கு வந்தது. கண்தான் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இரண்டு விழியும் முன்னுக்கு வந்து, மேலிமை மேலேயே நின்றுவிட்டது. சும்மா பார்த்தாலே முறைப்பு. உற்றுப் பார்த்தால் அடிக்க வருகிற மாதிரி. "அடங்கக் காலமாகும், பொறுமையா இருங்க" என்றார் டாக்டர்.

ஆனால் அவளை உறுத்தியது கண் மட்டுமில்லை.

மெஷினுக்கு எதிரே மாட்டியிருந்த பெரிய கண்ணாடி ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் போயிருந்தது. "ஆணி ஆடுச்சு அண்ணி" என்றாள் நாத்தனார். அண்ணி போய் ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். சுவரைப் பெயர்த்தாலொழிய அது வராது. அடுத்த வாரம் அவளுடைய மெஷின் வாசலை விட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. காற்று கண்ணில் அடிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். சொன்னதென்னவோ உண்மை. ஆனால் ஃபேன் இருப்பது சுவர்ப் பக்கம்தானே?

வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். கல்யாணமானதிலிருந்து "சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டறியாதவர், இப்போது சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பவளிடம் கேட்கிறார். அண்ணனும் தங்கையும் அடுப்படியில் குசுகுசுப்பார்கள். இவள் தலை தெரிந்ததும் பேச்சு நூல் மாதிரி அறுந்துவிடும்.

"என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்லை, கேஸ் தீரப்போகுதுன்னு..."

"நேத்துதானே மாத்தினோம்?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை கூரையைப் பார்த்தாள்.

ஒற்றை மெஷினோடு அவள் தொடங்கிய கடை. துணிக்கு ஓரம் அடிக்கிறவளையே ஓரங்கட்டப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சற்றுப் படுப்பது வழக்கம். இமை முழுசாக மூடாததால் தூக்கத்திலும் விழி பாதி தெரியும். ஆரம்பத்தில் தூங்குகிறாளா, வேவு பார்க்கிறாளா என்று புரியாமல் வீடே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. பிறகு டாக்டர் வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொல்லி, தூங்கும்போது இமையில் ஒட்டக் காகித டேப்பும் எழுதிக் கொடுத்தார். அன்று அவள் படுத்திருந்தாளே தவிர, தூக்கம் வரவில்லை.

"அண்ணிகிட்ட பேசிட்டீங்களாண்ணா?"

"மெதுவா பேசு. கண்ணு தொறந்திருக்கு."

"அது எப்பவும் அப்படித்தானே?"

வீட்டுக்காரர் குனிந்து அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். இமைக்காமல் இருப்பது இப்போதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையே இல்லை.

"ஆமா, அசந்துட்டா."

"டீச்சரம்மாவுக்கு இனிமே நான்தான் அளவெடுக்கணுமாம். அண்ணி முறைச்சுக்கிட்டே இடுப்புல டேப்பைச் சுத்தினா உசுரே போகுதாம்."

வீட்டுக்காரர் சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார்.

"சிரிக்காதீங்க. அவங்க பிளவுஸுக்கு ரெண்டு கையும் ரெண்டு நீளம். நான்தான் பிரிச்சுத் தைச்சேன். அண்ணிக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது போல, சொல்ல மாட்டேங்கிறாங்க. உள்ள உக்காந்து பட்டன் வைக்கட்டும், முன்னாடி நான் பாத்துக்கிறேன். நீங்க சொல்லுங்க."

"என்னை ஏன் மாட்டிவிடுறே? நீயே சொல்லேன்."

"ஏற்கெனவே என்னை எரிச்சிடுற மாதிரி பாக்குறாங்க."

"அது கண்ணு அப்படி."

"நிச்சயமா தெரியுமா?"

அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எழுந்து சட்டையைத் தேடினார்.

நாத்தனார் காகித டேப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது இமையை மெல்ல இறக்கி, வெட்டுவதற்கு முன் துணியை நீவுகிற மாதிரி நீவி, ஒட்டினாள். கடையைப் பிடுங்குகிற கை இவ்வளவு பதமாக இருக்குமா? வலது இமைக்கு வந்தபோது அண்ணி வாயைத் திறந்தாள்.

"அது இருக்கட்டும். எந்தக் கை குட்டை?"

நாத்தனார் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் கதவில் இடித்துக்கொண்டார்.

"எடது கை, அண்ணி."

"எவ்வளவு?"

"ஒரு இஞ்ச்."

"அடிப்பாவி, ஒரு இஞ்சா! அதை எங்கிட்ட சொல்லாம கண்ணாடியை எதுக்குடி ஒளிச்சே?"

"பாத்துப் பாத்து அழுதீங்களே. அதனாலதான்."

"மெஷினைத் திருப்பினது?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "அது... கஸ்டமருக்காக."

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் சந்தேகப்பட்டது பாதி சரி, பாதி தப்பு. முழுக்கச் சரியாக இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம். குனிந்தால் அளவு டேப்பின் கோடுகள் இரண்டிரண்டாகப் பிரிவதை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள்?

"நாளைக்கு டாக்டர்கிட்ட வண்டியை விடுங்க. ரெண்டா தெரியறதைச் சொல்லணும்" என்றாள் வீட்டுக்காரரிடம். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "வெட்டுறதும் கை வைக்கிறதும் இனிமே நீ. ஆனா வாசல்ல நிக்கிறது நான். மெஷினைத் திருப்பு."

சாயங்காலம் வந்த டீச்சரம்மா வாசலில் அண்ணியைக் கண்டதும் தயங்கினார்.

"உள்ள வாங்க டீச்சர். கோவமெல்லாம் இல்லை, தைராய்டு. இமை இறங்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"அட, அதானா? நான் குண்டாயிட்டேன்னு முறைக்கிறீங்களோன்னு இத்தனை நாளா..."

"அதுக்கு முறைக்கிறதா இருந்தா கடையை மூட வேண்டியதுதான். கையைத் தூக்குங்க."

அண்ணி டேப்பை இடுப்பில் சுற்றிப் பிடித்தாள். "நீ படி" என்றாள் நாத்தனாரிடம். நாத்தனார் குனிந்து எண்ணைப் படித்தாள்.

டீச்சரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருமா சேர்ந்து கூட்டிச் சொல்றீங்களோ?"