முதல் முடிச்சில் மாட்டிய கட்டைவிரல்

போன மாதம் திருப்பரங்குன்றத்தில் என் தங்கை மகன் கார்த்திக்குக் கல்யாணம். கெட்டிமேளம் முழங்குகிறது. அட்சதை பறக்கிறது. தாலியைப் பெண்ணின் கழுத்தில் வைத்த கார்த்திக், அப்படியே நிற்கிறான்...

முடிச்சு விழவில்லை.

பக்கத்தில் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். அவனுடைய வலது கட்டைவிரல் மடங்கியபடி இறுகிவிட்டது. நீட்ட முடியவில்லை. முகமெல்லாம் வேர்வை.

"பெரியம்மா, விரல் வரமாட்டேங்குது!"

குனிந்திருந்த மணப்பெண் சங்கீதாவுக்கு அது கேட்டுவிட்டது. தலையைத் தூக்காமலேயே கையைப் பின்னால் கொண்டுபோய், கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை இவன் இடது கையால் சுற்றி இழுக்க... விழுந்தது முடிச்சு. மற்ற இரண்டையும் வழக்கம்போல நாத்தனார் போட்டாள்.

கூட்டத்தில் பலர் கவனிக்கவில்லை. பெண்ணின் அப்பா கவனித்துவிட்டார். பேரையூர்க்காரர். பந்தி நடக்கும்போது என்னை ஓரமாக அழைத்தார்.

"சம்மந்தி, தப்பா நினைக்காதீக. மாப்பிள்ளைக்குக் கை வெளங்காதா? எங்ககிட்ட மறைச்சுட்டீகளா?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கே தெரியாதே!

மறுநாளே அவரையும் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனோம். டாக்டர் விரலின் அடிப்பகுதியை அழுத்திப் பார்த்தார். தசைநார் வீங்கியிருக்கிறதாம்.

"போன் எவ்வளவு நேரம் பார்ப்பீங்க?"

"கொஞ்ச நேரம்தான் சார்."

"முழிச்சிருக்கிற நேரம் அம்புட்டும்" என்றாள் என் தங்கை.

டாக்டர் சிரிக்கவில்லை. "போன் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரே விரலால நாள்பூரா தள்ளிக்கிட்டே இருந்தா இப்படி ஆகலாம். காலைல எந்திரிச்சா விரல் இறுகுதா?"

"மாசக்கணக்கா இறுகுது சார். உதறினா சரியாயிரும்... விட்டுட்டேன்."

சில வாரத்தில் குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பேரையூர்க்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இளவயதில் உடம்பு ஏதாவது சொன்னால் யார் காதில் வாங்குகிறோம்? கழுத்து பிடித்தால் தலையணை மேல் பழி. கண் எரிந்தால் வெயில் மேல் பழி. போன் மேல் மட்டும் பழி விழுவதே இல்லை — அது நம் செல்லப்பிள்ளை ஆயிற்றே!

விரல் மடங்காதபடி பட்டை போட்டு, அதைக் கழற்றும்வரை போனைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

நேற்று திருநகரில் கார்த்திக், சங்கீதா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டையைக் கழற்றிக் காட்டினான், விரல் நன்றாக நீளுகிறது; மறுபடி மாட்டிக்கொண்டான். மாலையில் இருவரும் பேசிக்கொண்டே நடக்கப் போகிறார்களாம். கிளம்பும்போது சங்கீதா வாசல்வரை வந்து கிசுகிசுத்தாள்.

"அத்தை, டாக்டர்ட்ட பேசிட்டேன். பட்டையைக் கழட்டிரலாம்னுட்டாரு. இவர்ட்ட நான் இன்னும் சொல்லல!"