பஞ்சாயத்து ரேடியோவில் வந்த இரண்டு வரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான், ஜெபமாலை சொல்வதும் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் தவிர வேறு பெரிய காரியம் தெரியாது. ஆனாலும் பஞ்சாயத்து ரேடியோ பேசத் தொடங்குமுன் போடும் அந்தக் 'கொர்ர்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, அதை இறக்கி வைக்காமல் கல்லறைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில், கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில், ஏழை எளியவர்களுக்கு ரேடியோ என்றால் அது ஒன்றுதான்: மாதா கோயிலுக்கு எதிரே பஞ்சாயத்து அறைக்குள் ஒரு பெட்டி, வெளியே வேப்பமரத்தில் கட்டிய ஒரு ஒலிபெருக்கிக் 'கொழா'. அதைப் போட்டு நிறுத்துகிறவர் முனுசாமி அண்ணன். ஊரில் பாதி வேதக்காரர்கள், பாதி இந்துக்கள். ரேடியோ இரண்டு தெருவுக்கும் பொது.

எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெரிய வெள்ளியன்று மாதா தன் மகனை மடியில் கிடத்தி அழும் புலம்பலை, தபசு காலத்தின் நாற்பது நாள் தவிர வேறு நாளில் யாரும் வாயெடுத்துப் பாடக் கூடாது. பாடினால் ஊரில் ஒரு சாவு விழும் என்பார்கள். அந்தப் புலம்பலுக்குத் தலைப்பாட்டுக்காரி என் அம்மா லூர்து. கூலி வேலைக்குப் போகிறவள், நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசமாட்டாள். ஆனால் பெரிய வெள்ளி மூன்று மணிக்கு அவள் குரல் எழுந்தால் மிராசுதார் வீட்டுப் பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அம்மா ஒரு ஆள்.

ஒரு ஆவணி மாதம், கடலைக்காய் பிடுங்குகிற சமயம், வெளியூர் ரேடியோ நிலையத்திலிருந்து ஒலிப்பதிவுப் பெட்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். நாளைக்கு நம்ம ஜில்லாவுக்கே ஒரு ஸ்டேஷன் வரும், அப்போதும் இந்தப் பாட்டெல்லாம் ஆகும் என்று சொல்லி, நடவுப் பாட்டும் தாலாட்டும் பிடித்துக்கொண்டார்கள். யாரோ புலம்பலைப் பற்றிச் சொல்லிவிட, அதையும் கேட்டார்கள். அம்மா மாட்டேன் என்றாள். நான்தான் அழுதேன். எங்கள் அம்மா ரேடியோவில் பாடப் போகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் காலையிலேயே சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு உபதேசியாரிடம் போனாள். பூசை வைக்கச் சாமியார் மாதம் ஒருமுறை மட்டும் வருகிற ஊரில், மற்ற நாளில் கோயிலை நடத்துகிற உபதேசியார் சொன்னதுதான் வேதம். அவர் கோயில் கிணற்றடியில் தனியாக நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"இப்ப அது பொட்டிக்குள்ளதான போவுது? பெரிய வெள்ளியன்னிக்குத்தான் வெளிய வரும். அப்பப் பாடுன மாதிரிதான் கணக்கு. பாடு லூர்து, தப்பில்ல."

"சரிங்கண்ணா," என்றாள் அம்மா.

கோயில் கதவைச் சாத்திக்கொண்டு, மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் பாடினாள். அதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. ஒலிப்பதிவு செய்தவர் நல்ல மனுஷன்; எங்களுக்குச் சந்தோஷம் காட்ட நினைத்து, வெளியே வந்து பிடித்த பாட்டைப் பெட்டியில் திரும்பப் போட்டுக் காட்டினார். நடு ஆவணியில், களத்தில் கடலை காயும் நேரத்தில், புலம்பல் தெரு முழுக்கக் கேட்டது. பெட்டிக்குள் போனது பெரிய வெள்ளி வரைக்கும் அங்கேயே கிடக்கும் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள், உபதேசியாரும் அப்படித்தான்.

எட்டாம் நாள், உபதேசியாரின் அண்ணன் மகன் கடலைக்கொடிக்குள் கையை விட்டபோது பாம்பு கடித்துச் செத்தான். கல்யாணம் ஆகி ஆறு மாதம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கோயில் முற்றத்தில் கூடினார்கள். எந்த தைரியத்தில் பாடினாய் என்று உபதேசியாரே முதலில் கேட்டார். அம்மா தலை நிமிராமல், "நீங்கதானுங்களே பாடச் சொன்னீங்க" என்றாள்.

"நானா? எப்போ?"

"கெணத்தடியில. எம்மவ பக்கத்துலதான் இருந்தா. அவளயே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுமாதம் சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் வருகிறார், அவர் கையால் நெற்றியில் தைலம் பூசி எனக்கு உறுதிபூசுதல். அதற்குப் பேர் எழுதுகிறவர் உபதேசியார். வெள்ளைப் பாவாடை தைத்து வீட்டில் மடித்து வைத்திருந்தது. அவர் என் கண்ணையே பார்த்தபடி, "சொல்லு பாப்பா" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

கூட்டத்தில் ஒருத்தி, "பெத்த புள்ளயே இல்லங்குது, அப்புறம் என்னத்துக்கு ரோசம்?" என்று சிரித்தாள். அன்றைக்கு அம்மா என்னை அடிக்கவில்லை. களி கிண்டிப் போட்டு, நான் தின்கிறவரை பார்த்திருந்துவிட்டு, "அந்த வெள்ளப் பாவாடய ஒருக்கா அலசிப் போடணும், மடிப்புல கறையாயிருக்குது" என்றாள். அவ்வளவுதான். நானும் உறுதிபூசுதல் வாங்கினேன்.

அடுத்த தபசு காலத்தில் தலைப்பாட்டு உபதேசியாரின் தங்கைக்குப் போனது. அம்மாவைக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். பெரிய வெள்ளி மூன்று மணி. அந்தப் பெண் தொடங்குவதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, வெளியே 'கொர்ர்' என்றது. தொடர்ந்து அம்மாவின் குரல் கேட்டது. லூர்தக்கா பாட்டு வருகிறது என்று அறிவிப்பில் கேட்டு, அவளுக்கு ஒரு நல்லது செய்வதாக நினைத்து முனுசாமி அண்ணன் முழுச் சத்தத்தில் திருப்பிவிட்டிருந்தார். இரண்டு வரி வந்தது. அதற்குள் உபதேசியார் எழுந்து, "பெரிய வெள்ளியில ரேடியோ என்னத்துக்கு? போயி நிறுத்தச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார். நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். ரேடியோ நின்ற பிறகும் அம்மாவின் உதடு மூன்றாவது வரிக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை. அதன்பிறகு அவள் எங்கேயும் பாடவில்லை, தாலாட்டுகூட. என் பிள்ளைகளைச் சும்மா தட்டியே தூங்கவைத்தாள்.

அந்த ஆட்கள் சொன்னபடியே பிற்பாடு ஜில்லாவுக்கென்று எஃப்.எம். வந்தது. புது ரேடியோ வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்துத் திருப்பினேன். "அணச்சிடு பாப்பா, அடுப்புல பால் கெடக்குது" என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. உபதேசியாரும் இல்லை, வேப்பமரமும் இல்லை, பஞ்சாயத்து அறை இருந்த இடத்தில் தண்ணீர் டேங்க் நிற்கிறது. இப்போது பெரிய வெள்ளிக்கு எவனோ பாடியதை செல்போனிலிருந்து ஸ்பீக்கர் பெட்டியில் போடுகிறார்கள். அதையே வைகாசியிலும் ஐப்பசியிலும் 'டெஸ்டிங்' என்று போடுகிறார்கள், எந்தச் சாவும் விழுவதில்லை. போன தபசு காலத்தில் உபதேசியாரின் பேரன் வீட்டுக்கு வந்து, கோயில் விழா மலரில் போடவேண்டும், உங்கம்மா புலம்பல் யாருக்காவது தெரியுமா அத்தை என்று கேட்டான். எனக்கு இரண்டு வரிதான் தெரியும் என்றேன். அவன் தாத்தா நிறுத்தியது எத்தனையாவது வரியில் என்று அவனிடம் சொல்லவில்லை.

வருஷா வருஷம் ஆண்டவருடைய பாடுகளின் வாசகத்தில் பேதுரு மூன்றாம் தரமும் அவரைத் தெரியாது என்று சொல்ல, சேவல் கூவுகிற இடம் வரும்போது நான் கோயிலில் தலை குனிந்துகொள்கிறேன். பேதுருவாவது அன்றைக்கே வெளியே போய் அழுதார்.

இதைப் படிக்கிறவர்கள் பிறரிடம் சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். உபதேசியாரை இன்னும் கெட்டவராக்க வேண்டாம். பாவம், அவரும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர். அறியாத வயசு என்று ஒரு வார்த்தை சேர்த்து என்னைக் காப்பாற்றவும் வேண்டாம். கிணற்றடியில் நான் இருந்தேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது.