ஸ்வாதி சிரித்த போர்டு

விஜய்குமாரைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவசரக்காரன், அவ்வளவுதான். ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து, ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் டிசைனராக உட்கார்ந்தவன். கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் என்று முகங்களை வெட்டி ஒட்டியே அவன் பிழைப்பு ஓடியது. செய்த போர்டை நேரில் போய்ப் பார்க்கும் வழக்கம் கிடையாது. அடுத்த ஆள் தலைக்கு மேலே வந்து நிற்கும்போது எங்கே போவது?

குழந்தைப்பேறு மருத்துவமனைக்காரர் ஒருவர் அப்படித்தான் வந்து நின்றார். ஹைவேயில் பெரிய போர்டு. அன்றைக்கே அச்சுக்குப் போக வேண்டும். நெட்டில் கிடைப்பதெல்லாம் வடநாட்டு முகம், நம்ம ஊர் முகம் வேண்டும் என்றார். விஜய்குமாரின் கம்ப்யூட்டரில் அவன் மகனின் காதுகுத்துப் படங்கள் இருந்தன. ஒன்றில் அக்கா மகள் ஸ்வாதி அந்த மொட்டைத் தலைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரித்தாள். மாமன் போட்டால் கோபித்துக்கொள்ளவா போகிறாள் என்று அதையே எடுத்துப் போட்டான். கடைசி நேரத்தில் மருத்துவமனைக்காரர் கன்னடத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'நானும் தாயானேன்.' விஜய்குமார் எழுத்துப்பிழை பார்த்தான், அளவு பார்த்தான், மஞ்சளா சிவப்பா என்று பார்த்தான். அந்த வரி யார் தலைக்கு மேல் நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

ஸ்வாதிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லாத பெண். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அம்மா பாக்கியலட்சுமியோடு இருந்துகொண்டு, மைசூர் ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். போர்டு ஏறிய அடுத்த மாதம், மண்டியாவில் வெல்ல வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து வரன் வந்தது. போட்டோவில் பார்த்த பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் தாய்மாமன் மைசூர்பாக்கும் மல்லிகையுமாகப் போய் இறங்கினான்.

வரவேண்டியவர்கள் வரவில்லை. பையனின் அப்பாதான் போன் செய்தார்.

"எந்தம்பி மைசூருக்குப் போறப்ப பாத்துட்டு வந்தானுங்க. பொண்ணு கைக்கொழந்தையோட ஹைவேல நிக்குதுங்களாமே?"

விஜய்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. "அது எம்பையனுங்க. படத்தைப் போட்டதும் நாந்தானுங்க" என்று கெஞ்சினான். காதுகுத்துப் படங்களையெல்லாம் அனுப்பினான்.

"நாங்க நம்பறமுங்க. எங்க சனம் நம்போணுமில்லீங்களா" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பாக்கியலட்சுமி நாலு அறை விட்டிருந்தாலாவது தேவலை. "ஏண்டா தம்பி, உனக்கு வேற மூஞ்சியே கெடைக்கலியா?" என்று கேட்டுவிட்டு, கழுவி வைத்திருந்த காபி டம்ளர்களைத் திரும்பவும் அலமாரியில் அடுக்கினாள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

முதலாளியிடம் அவன் கேட்கவில்லை. போர்டு கட்டுகிற சீனுவைக் கூட்டிக்கொண்டு நேரே ஹைவேக்குப் போனான். ஸ்வாதியும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள். அங்கே மாடி வீட்டு உயரத்துக்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். லாரியும் பஸ்ஸும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே மைசூர் பக்கம் போயின. சீனு மேலேறிக் கயிறுகளை அறுத்தான். ஃப்ளெக்ஸ் சரிந்து வந்து புல்லில் விழுந்தது.

விஜய்குமார் மண்டியிட்டு அதைச் சுருட்டினான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"நீ தெனமும் இந்த வழியாத்தானே கண்ணு போற?"

"ஆமாங்க மாமா. போர்டு ஏறுன அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்பவே எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"தெரியாமத்தான் போட்டிருப்பீங்க. சொன்னா உடனே எறக்கச் சொல்லி மொதலாளிகிட்டப் போய் நிப்பீங்க, வேலை போயிரும். அதான் உட்டுட்டேன். பஸ்ஸுல கேட்டவங்ககிட்ட அது நானில்லைன்னு சொல்லீட்டேனுங்க."

அவன் வேலைக்காக அவள் இத்தனை நாளும் அந்த பஸ்ஸில் தலை குனிந்து போயிருக்கிறாள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். ஸ்வாதி சட்டென்று அவனை மறைத்தாற்போல் வந்து நின்றாள்.

"அழுவாதீங்க மாமா. மேல இருந்து சீனு அண்ணன் பாக்கறாங்க."